இலைக்கடை ராணி அக்காவின் இருபத்தெட்டு நாள்

காந்தி மார்க்கெட்டில் வேனிலிருந்து வாழையிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ராணி அக்காவின் மகள் போன் செய்தார். "அம்மா காலைல காபி கேட்டாங்க. போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டாங்க" என்றார்.

பக்கத்துக் கடையில் எலுமிச்சை விற்கும் ஹனீபா பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தார். பிறகு, "யாரையாவது திட்டிட்டுப் போனாங்களா?" என்று கேட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் சாவுச் செய்திக்குக்கூட அழுதுகொண்டே சிரிக்கத்தான் முடிந்தது.

நான் இன்ஜினியரிங்கை மூன்றாவது செமஸ்டரில் விட்டவன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தாங்கியதில்லை. அக்காவின் இலைக்கடையில் மட்டும் நான்கு வருடம் இருந்தேன். காரணம் அவர் வாய். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஊரைத் திட்ட ஆரம்பிப்பார். குப்பை, சாக்கடை, சாதி, பொய், யாரையும் விடமாட்டார். கேட்பதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. பாய்மார்களிடம் எலுமிச்சை வாங்காதீர்கள், எதையோ தடவி விற்கிறார்கள் என்று. அக்கா அதை இலை வாங்கும் மெஸ்காரர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் அனுப்பினார். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நானும் என் கூட்டாளிகளுக்கு அனுப்பினேன். அது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

பாயிடம் வழக்கமாக வாங்கும் சமையல்காரர் ஒருவர் வாங்குவதை நிறுத்திவிட்டு, காரணம் இதுதான் என்று தன் போனைக் காட்டினார். அனுப்பியவர் பெயர் ராணி. பாய் சண்டை போடவில்லை. ஸ்டூலைத் திருப்பி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அன்று யாரையும் திட்டவில்லை. "படிச்சேன்டா. நம்புனேன். கைக்கெட்டுற தூரத்துல பாய் உக்காந்திருந்தாரு. அப்பயும் நம்புனேன்" என்றார்.

அது மாசிக் கடைசி. சமயபுரத்தாள் இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி இருக்கும் காலம். ஊர் நோய்நொடி இல்லாமல் இருக்கச் சாமியே விரதம் கிடக்கும். அக்கா மஞ்சள் புடவை கட்டிவந்து, "ஊரு கெட்டா அவ சோத்தை விடுறா. நான் ஊரை வைதுட்டு மூணு வேளையும் திங்குறேன். வண்டியை எடு" என்றார்.

தான் யாருக்கெல்லாம் அந்தச் செய்தியை அனுப்பினாரோ, அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, அது பொய், நம்பியது என் தப்பு என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் விரதம். தினமும் வியாபாரம் முடிந்ததும் என் மொபெட்டில் கிளம்புவோம்.

"இன்னொரு மெசேஜ் போட்டா பத்தாதாக்கா?"

"அனுப்பும்போது காலு வலிச்சுதா? இப்ப வலிக்கட்டும்."

"நீங்க ஒருத்தர் திருந்தி ஊரு திருந்திடுமா?"

"எனக்கென்னடா தெரியும்? கெட்ட கூட்டத்துல ஒரு ஆளு குறையும்ல."

ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்காரர், "நான் அதைத் திறந்தே பாக்கலயே அக்கா" என்றார். "அப்ப இப்பத் திறந்து படிங்க. பொய்யின்னு சொல்லத்தான் வந்திருக்கேன்" என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் படித்து முடிக்கும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

கடைசி நாள் அக்கா பாய் முன்னால் போய் நின்றார். பாய் திரும்பாமலே, "மொதல்ல எங்கிட்டதானே வந்திருக்கணும்?" என்றார்.

"மொதல்ல வந்தா நீங்க மன்னிச்சிருப்பீங்க. அப்புறம் நான் எதுக்கு வெயில்ல அலையப் போறேன்?"

பாயின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார். ஸ்டூலைத் திருப்பி, ஒரு பழத்தைப் பிழிந்து பானகம் கரைத்து நீட்டினார். "குடிங்க. ஒண்ணும் தடவல." வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா ஒரே மூச்சில் குடித்தார்.

அதன் பிறகும் திட்டினார். ஆனால் பாதியில் நிறுத்தி, "இதுல நம்ம பங்கு என்னடா?" என்பார். சாக்கடை அடைத்தபோது வாய் திறக்கப் போனவர், குனிந்து பார்த்து, "முக்காவாசி நம்ம இலை மட்டைதான்" என்று கையை விட்டு அள்ளினார். மார்க்கெட்டே "பங்கு அக்கா" என்று கேலி செய்தது. அவருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது.

என்னை மட்டும் ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை. "உன் பங்கை நான் சொல்ல முடியாது" என்றதோடு சரி. நான் மூன்று வருடம் பாய் தந்த டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

காவிரிக் கரையில் அக்காவின் காரியமெல்லாம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். "பாய், அந்த மெசேஜை நானும் அனுப்புனேன்."

பாய் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேருக்கு?"

"முப்பது பேரு இருக்கும்."

"வண்டில பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எந்திரி. பின்னாடி நான் உக்காந்துக்கறேன். யாராவது நம்பலேன்னா பழத்தை நறுக்கிக் குடுக்குறேன்."

அக்கா, முதல் வீடு புத்தூரில். கெட்ட கூட்டத்தில் இன்னொரு ஆளும் குறைகிறான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.