பக்கத்து நாற்காலி

சாக்கடை வேலைக்காரன் மேல் புகார் வருவது மழை வருவது மாதிரி. அடைப்பு எடுத்த இடத்தில் மூடியைச் சரியாகப் போடவில்லை, கடைக்காரரிடம் எதிர்த்துப் பேசினான், வேலை நேரத்தில் நிழலில் உட்கார்ந்தான் என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உடனே விசாரணை. நீளமாக ஒரு மேஜை. அந்தப் பக்கம் மூன்று நான்கு அதிகாரிகள். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்று மாட்டிக்கொண்டவனுக்கு, இன்னொன்று அவன் கூட்டிவரும் கூட்டாளிக்கு. கூட்டாளி வாயைத் திறக்கக் கூடாது. சும்மா பக்கத்தில் உட்காரலாம்.

சாக்கடை வேலைக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அந்த இரண்டாவது நாற்காலி பல வருஷமாக ஒரே ஆளுக்குத்தான். அவரை மிதியண்ணன் என்போம்.

அதிகாரி வளைத்துக் கேட்கிற கேள்விக்கு நம் ஆள் அவசரப்பட்டு வாயை விடப் போகிறான் என்று தெரிந்தால், மேஜைக்கு அடியில் மிதியண்ணன் கால் வந்து அவன் காலை அழுத்தும். மிதித்தால் வாயை மூடு, காலை எடுத்தால் பேசு. அவ்வளவுதான் அவர் சட்டம். கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். விசாரணையில் முதலில் காய்வது தொண்டைதான் என்பார். நான் கழிவுநீர் லாரி ஓட்டுகிறவன். ஒருமுறை ஒரு வீட்டுச் சுவரை உரசிவிட்டு அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் கால் பெருவிரல் நகம் கறுத்துப் போனது. வேலை தப்பியது.

குழி மேலேயும் அவர் அப்படித்தான். உள்ளே ஆள் இறங்கினால் மேலே ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் நடுவில் பீடி பற்றவைப்பார்கள், போனைப் பார்ப்பார்கள். அவர் கண்ணை எடுக்க மாட்டார். யாரையும் தனியாக விடக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். தனியாக இறங்கி மூச்சு நின்றுபோன ஆட்களைத் தூக்கி வெளியே போட்டது அவர் கைதான்.

ஆனால் மனுஷன் வீட்டில் தனி ஆள். சம்சாரம் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள். அவள் ஒரு டிகிரி முடித்தாள், மேலே இன்னொன்று முடித்தாள், அப்புறம் தூரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டாள். அவர் இருந்த ரூமில் பாதியை அவள் படித்த மேஜையே அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தம்ளர்கூட வைக்க மாட்டார். தினம் துடைப்பார். சாப்பாட்டுத் தட்டை அதற்குக் கீழே தரையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தால், "வாடா டிரைவரு" என்று தட்டை நகர்த்தி இடம் கொடுப்பார். நான் வருவேன் என்று காத்திருந்த மாதிரி இருக்கும். நான் வராத நாளில் யாரைப் பார்த்து நகர்த்துவாரோ.

லைனில் அவருக்கு இருந்த தலைவலி வேறு. வருஷக்கணக்காக ஒருத்தி ஒரே படிப்பைப் படிக்கிறாள் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். குழாயடியில் மூணாம் ரூம்காரி விடமாட்டாள்.

"என்னண்ணே, இந்த வருஷமும் பெயிலா?"

"பெயில் இல்லம்மா. ஆராய்ச்சி."

"எதைப் பத்தி?"

"கடல் நத்தை."

"நத்தையையா? அடப்பாவமே, அதுவே இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருக்குமே! உங்க இடத்துல வேலைக்குச் சேத்து விட்டிருந்தா புள்ள கூடவே இருந்திருக்கும். வயசான காலத்துல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் உண்டா உங்களுக்கு?"

இத்தனைக்கும் மூணாம் ரூம்காரிக்கும் பள்ளிக்கூடத்தை முடித்த ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் துடைப்பம் வாங்கித் தருவதா, காலேஜில் போடுவதா என்று வீட்டில் இழுபறி. மிதியண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பதில் சொல்ல அவருக்கும் தெரியாது. மகள் செய்வது பெரிய விஷயம் என்று தெரியும். என்ன விஷயம் என்று தெரியாது. அதைப் பேச அந்த லைனில் ஒரு ஆள் கிடையாது, என்னையும் சேர்த்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் ரூமில் இருந்தபோது மகள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசிக் கட்டம். நாலு பேர் உக்காந்து கேள்வி கேப்பாங்க. ஒழுங்கா பதில் சொல்லிட்டா முடிஞ்சது."

அவர் முகம் மாறிவிட்டது. "என்னம்மா தப்பு நடந்துச்சு?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லப்பா. வழக்கமா எல்லாரையும் கேக்கறதுதான்."

"பக்கத்துல யாரு உக்காருறா?"

"பக்கத்துலயா? யாரும் இல்லப்பா, நான் மட்டும்தான். வேணும்னா யார் வேணாலும் வந்து பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு, "வழக்கமா கேக்கறதுதான்னுதான்டா நம்ம ஆபீசுலயும் ஆரம்பிப்பானுங்க" என்றார். "வெள்ளிக்கிழமை லீவு போடு."

"நான் எதுக்குண்ணே?"

"அவ்வளவு பெரிய இடத்துல எந்தக் கதவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ நாலாவது வரைக்கும் படிச்சவன்ல."

போனோம். வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். கையில் அதே பாட்டில். கட்டடத்துக்குள் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தது. என் நாலாம் வகுப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. வழியில் வந்த ஒரு பெண்தான் கொண்டுபோய் விட்டாள்.

உள்ளே நீளமான மேஜை. அந்தப் பக்கம் நாலு பேர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில் மகள் நின்றுகொண்டு எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மிதியண்ணன் யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கினார், நடுவழியே நடந்துபோய் மகள் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

மகள் குனிந்து, "அப்பா, இங்க அப்படி இல்லப்பா" என்றாள்.

"நான் வாயைத் திறக்க மாட்டேம்மா. சும்மா உக்காந்திருப்பேன்."

மேஜைக்குப் பின்னால் இருந்த நரைமுடி அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவா? இருக்கட்டுமே, அங்கயே உக்காரட்டும். எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல மனுஷி.

மிதியண்ணன் உட்காரப் போனார். மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் மேடம். நானே பாத்துக்கறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அடித்திருக்க வேண்டும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

கேள்விகள் ஆரம்பித்தன. எனக்கு நத்தை என்ற வார்த்தையைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க பாத்தது ஒரே ஒரு கடற்கரை. அதை வச்சுக்கிட்டு எல்லாக் கடலுக்கும் எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

என் காலில் சுளீரென்று ஒரு மிதி.

பார்த்தால் அவர் கண் மகள் மேலேயே இருக்கிறது. மிதிப்பது என் கால் என்றுகூட அவருக்குத் தெரியாது. வளைத்துக் கேட்கிற கேள்விதான், எனக்கே தெரிந்தது. மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"எல்லாக் கடலுக்கும் சொல்லல சார். மத்த கடல்ல எப்படின்னு எனக்குத் தெரியாது."

மிதி இன்னும் அழுத்தியது. எங்கள் மேஜையில் தெரியாது என்று சொன்னவன் செத்தான். ஆனால் வழுக்கைத் தலைக்காரர் மெல்லத் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். "சரி, அதைத் தெரிஞ்சுக்கணும்னா என்ன செய்வீங்க?" என்றார். அவள் பேச ஆரம்பித்தாள். கையை நீட்டி, சுவரில் விழுந்த படத்தைக் காட்டி, நடுவில் லேசாகச் சிரித்துக்கூடப் பேசினாள். நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒரு ஆள் பேச, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வாயை மூடிக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் காலில் இருந்த பாரம் எப்போது போனது என்று கவனிக்கவில்லை. குனிந்து பார்த்தபோது அவர் இரண்டு காலையும் தன் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கை தட்டினார்கள். அவளைச் சுற்றிக் கூட்டம். நாங்கள் சுவரோரமாக நின்றோம். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி மூச்சு விடாமல் குடித்தாள்.

"தொண்டை காஞ்சு போச்சுப்பா."

"தெரியும்" என்றார்.

ஒரு தீவில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதாம், அங்கே வேலை கிடைத்திருக்கிறதாம். இதைவிட ரொம்ப தூரம். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "போய்ட்டு வா. குளிருமா அங்க? போர்வை இருக்கா?" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவர். வெகுதூரம் வந்த பிறகு கேட்டார்.

"இனிமே யாரும் அவளை உக்கார வச்சுக் கேள்வி கேக்க மாட்டாங்களாடா?"

"இனிமே அவதாண்ணே மத்தவங்களைக் கேப்பா."

"அப்ப நான் போக வேண்டிய வேலை இல்ல."

"இல்லண்ணே."

காலிப் பாட்டிலை மடியில் வைத்து மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார்.

லைனுக்குள் நுழைந்ததும் மூணாம் ரூம்காரி குழாயடியிலிருந்து ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் பெண்ணும்.

"என்னண்ணே ஆச்சு?"

"பாஸ்."

கேலி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். "பக்கத்துல உக்காந்தீங்களா?"

"விடல."

"யாரு, அதிகாரிங்களா?"

"அவங்க விட்டாங்க. என் பொண்ணுதான் விடல."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. தன் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எல்லாத்தையும் தனியாவா பேசணும்? இது வீட்டுக்கு யாராவது வந்தாலே கதவுக்குப் பின்னாடி நிக்குமேண்ணே. இது எங்க போய்ப் பேசும்?"

மிதியண்ணன் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தார்.

"பேசும். அனுப்பு" என்றார்.

பூட்டைத் திறந்து உள்ளே போனார். நானும் போகலாமா என்று நினைத்தேன். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தட்டு தரையில் நகரும் சத்தம் கேட்டது.