தமுக்கு அடிக்காத ஏலம்

போன வாரம் பள்ளத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆற்றங்கரைப் பறவைக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். வாசல் பலகையைப் படிக்கும் முன்பே நெடி வந்து வரவேற்றது. சேறும் அழுகிய மீனும் எச்சமும் கலந்த நெடி. கூட வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நெடி இருந்தால் கூடும் இருக்கிறது.

இதே நெடியை முதலில் முகர்ந்தபோது நான் தாலுகா அலுவலகத்துக்குப் புதியவன். பையில் இரண்டு பேனா, தலையில் விதிப்புத்தகம் முழுவதும். பேனாக்கள் போய்விட்டன, விதிகள் போக மறுக்கின்றன. பென்ஷன் அலுவலகத்தில் இன்றும் என்னைக் கண்டதும் நாற்காலி போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

அப்போது அந்தக் கரையில் நின்ற கருவேல மரங்களை விறகுக்காக ஏலம் விட உத்தரவு வந்திருந்தது. ஏலத்துக்கு முன், மரங்கள் நிற்கும் இடத்திலேயே தமுக்கு அடித்து ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அடிப்பது தலையாரியின் வேலை. அவர் அடித்தார் என்று சொல்ல அரசாங்கம் என்னை அனுப்பியது. சம்பளத்துடன்.

போய்ப் பார்த்தால் கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் நெருக்கியடித்துக் குடியிருந்தன. கூடுகளில் இறகு முளைக்காத குஞ்சுகள். தலையாரி தமுக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு சும்மா நின்றார். குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் கரையில் யாரும் மேளம் தட்டுவதில்லையாம். கல்யாண ஊர்வலம்கூட அங்கே வாசிப்பை நிறுத்திவிட்டு நடந்துதான் போகுமாம். தாய்ப்பறவைகள் மிரண்டு எழும்பினால் குஞ்சுகள் தரையில் விழும். பிறகு காக்கைக்கு விருந்து.

பக்கத்து வயல்காரர் பஞ்சவர்ணம் அரிவாளும் கையுமாக வந்தார். கதிர் அரிவாள்தான். இருந்தாலும் நான் ஓரடி பின்வாங்கினேன்.

“வெட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டீக. குஞ்சு பறக்குற வரைக்குமாச்சும் பொறுக்க மாட்டீகளா?”

நான் சமாதானமாக, “வேணும்னா ஊருக்கு அங்குட்டு நின்னு மெதுவா அடிக்கச் சொல்லவா?” என்றேன்.

“அங்குட்டு அடிச்சா உங்க சட்டத்துக்குக் காது கேக்குமா தம்பி?”

கேட்காது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. மரத்தடியில் அடிக்காத தமுக்கு தமுக்கே அல்ல. தமுக்கு இல்லாவிட்டால் ஏலமும் இல்லை.

ஏலத்தன்று விறகுக் குத்தகைக்காரர் லாரியோடும் கோடரி ஆட்களோடும் வந்துவிட்டார். தமுக்கு அடிக்கவில்லை என்று தாசில்தாரிடம் சொன்னேன்.

“ஒரு தமுக்குதானய்யா. அடிச்சதா வச்சுக்குவோம்.”

“வச்சுக்கலாம் சார். நாளைக்கு எவனாச்சும் கோர்ட்டுக்குப் போனா, ஏலத்த நடத்துனவரு பேருதான் முதல்ல வரும்.”

அவர் ஏலக் கோப்பை மூடி மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். தானே ஆள் பிடித்து அடித்துவிடுவதாகக் குத்தகைக்காரர் சொன்னார். அரசு ஊழியர்தான் அடிக்க வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோடரி என் மேலேயே விழும் போலிருந்தது. லாரி காலியாகத் திரும்பியது.

பறவைகள் மேல் பாசத்தில் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். பேசியதில் பாதிக்கு மேல், வேலை போய்விடுமே என்ற பயம். குஞ்சுகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதன்பின் தலையாரிக்குப் பங்குனி பாதிவரை மணிக்கட்டு வலி. நான் உளமார நம்பினேன். குஞ்சுகள் பறந்து முடிவதற்கும் கணக்கு வருஷம் முடிவதற்கும் சரியாக இருந்தது, உத்தரவு காலாவதியாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றதும் குத்தகைக்காரர் வேறு ஊர் மரங்களைத் தேடிப் போனார். பின்னாளில் வனத்துறை கரையை எடுத்துக்கொண்டது.

இன்று தமுக்கு எந்த ஊரிலும் இல்லை. அறிவிப்பெல்லாம் செல்போனில் ஓசையில்லாமல் வந்துவிடுகிறது. காப்பகப் பலகை முன் நிற்கும்போது இதுதான் நினைவுக்கு வந்தது. ஓசையில்லாமல் அறிவித்தால் யார் தடுப்பது? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையைக் கடைசி வரிவரை படித்தேன். மரம் வெட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது. சட்டப்பிரிவு, உத்தரவு எண், எல்லாம் முறையாக இருந்தன. பிழை தேடிப் பழகிய எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

தமுக்கு போய்விட்டது. தலையாரி, லாரி, ஏலம், எதுவும் இப்போது அங்கே இல்லை. மேலே நத்தைகுத்தி நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கரையில் இன்று தமுக்கு அடிப்பவை அவை மட்டும்தான்.