ஆறரையும் இருபத்திரண்டும்

என் மகள் துவக்குச் சுடுபவள். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் "பெட்டைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்பார்கள். அவர்களுக்கென்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். "உங்கடை பிள்ளையள் பரதநாட்டியம் ஆடுகினம், என்ரை பிள்ளை சுடுறாள். ரெண்டுக்கும் காலை ஊன்றி நிக்கத் தெரியவேணும்." அவள் தரையில் படுத்திருந்துதான் சுடுவாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் சுவிட்சர்லாந்தில், பேர்ணில் பிறந்தவள். இயந்திரப் பாகங்கள் கடையும் தொழிலைப் பழகிய காலத்தில், கூடப் பழகிய பிள்ளைகளோடு சேர்ந்து ஊர்த் துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குப் போனாள். இந்த நாட்டில் அது பந்தடிக்கப் போவது போலத்தான். சனிக்கிழமை பின்னேரங்களில் பாட்டன் பாட்டிமார்கூட வந்து முந்நூறு மீட்டர் தூரத்துக்குச் சுட்டுவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

நான் அவளுக்குச் செய்த ஒரே உதவி, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ். கழகத்தில் குடும்பங்கள் கூடும் நாளில் மற்ற அம்மாமார் கேக்கோடு வந்து பின்னால் போட்டிருக்கிற வாங்குப் பலகையில் இருந்து பிள்ளைகள் சுடுவதைப் பார்ப்பார்கள். நான் விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவேன். அங்கே எல்லோருக்கும் என் ரோல்ஸைத் தெரியும், என்னைத் தெரியாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று மகள் சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவள்தான் நான். அதற்காக எல்லாச் சனிக்கிழமையுமா வேலை? அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது, அதுதான் உண்மை. நான் யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் வளர்ந்தவள்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். தட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கி நாலு அடி வைத்திருப்பேன், முதல் வெடி கேட்டது. அதன்பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. நினைவு வரும்போது கழகத்துச் சுவரோரம் குந்தியிருந்தேன், தலைமேல் இரண்டு கையும் இருந்தன. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி குனிந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். சுவரோரம் ஒரு தட்டு ரோல்ஸ் இருந்ததென்று யாரோ மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு விளங்காமல் போகுமா? பின்னேரம் வந்தவள் ஒன்றும் கேட்காமல் வெறும் தட்டைக் கழுவி வைத்தாள். நான் வராததைப் பற்றிப் பேச்சே எடுக்காத பிள்ளை அவள். எனக்கு அதுதான் வலித்தது. ஒரு நாளாவது மற்ற அம்மாமாரைப் போல அந்த வாங்கில் இருக்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அவளுடைய துவக்கு கழற்றிப் பூட்டுகிற வகை. எங்கள் வீட்டு மிக்ஸி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரே மோட்டார், மிளகாய்க்கு ஒரு சாடி, தேங்காய்க்கு ஒரு சாடி. அதுபோலக் குழலை மாற்றினால் வேறு அளவு ரவையை, அதாவது குண்டை, சுடலாம். அந்த அளவுக்குத்தான் கலிபர் என்று பெயர். அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டில் கலிபர் பேச்சுத்தான். இப்போது இருக்கிற ரவை இலேசானது, முந்நூறு மீட்டரில் காற்று அதை இழுத்துக்கொண்டு போகிறது, ஆறரைக் கலிபர் வாங்கினால் காற்றுக்கு அசையாது என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுப் படம் கீறிக் காட்டுவாள். சம்பந்தப் பேச்சைப் போல இழுபட்ட அந்தக் கதையில் ஒருநாள் திடீரென்று மாப்பிள்ளை மாறினார்.

"அம்மா, இருபத்திரண்டு எடுப்பமெண்டு யோசிக்கிறன்."

"என்ன பிள்ளை, ஆறரையிலையிருந்து ஒரேயடியா இருபத்திரண்டுக்குப் பாயிறாய்? தோள் கழண்டு போகுமெல்லோ?"

அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். ஆறரை என்பது மில்லிமீட்டராம். இருபத்திரண்டு என்பது அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்காம், கழகத்தில் சுடுவதிலேயே சின்னதாம். ஒன்றை முழத்திலும் மற்றதை மீட்டரிலும் அளந்தால் எந்தச் சேலைக்காரியும் குழம்பத்தானே செய்வாள்?

கடைக்கு நானும் கூடப் போனேன். சட்டை எடுக்கவே அவளைத் தனியே விடாதவள், இதற்கு விடுவேனா? துவக்குத் திருத்தி விற்கிற கடைக்காரர் இரண்டு ரவைகளையும் மேசையில் நிறுத்திவைத்தார். ஆறரை என் நடுவிரல் நீளம். மற்றது சுண்டுவிரலில் பாதியும் வராது. "இதால் ஐம்பது மீட்டருக்குத்தானே சுடலாம், நீ முந்நூறுக்கல்லவா கேட்டுக்கொண்டிருந்தாய்?" என்று அவர் டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், கேட்டார். தெரியும் என்றாள். பிறகு ஏன் என்றார். அவள் குரலைத் தணித்து, "இதுக்குச் சத்தம் குறைவு. அம்மா வந்து இருக்கவேணும்" என்றாள்.

நான் கடையில் இருந்த வேட்டைச் சப்பாத்துகளைப் பார்ப்பதுபோல நின்றேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் வேலை செய்தவளுக்கு அவ்வளவு டொச்சு விளங்காதா? எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பிப் போய் ஆறரையை எடு. என்ரை பயம் என்னோடை போகட்டும்."

"உங்கடை பயம் என்ரை வீட்டிலைதானே அம்மா இருக்குது" என்றாள்.

பனி கரைந்தபிறகு ஒரு பின்னேரம், ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, புது இருபத்திரண்டுக் குழலோடு ஐம்பது மீட்டர் கொட்டிலுக்கு என்னைக் கூட்டிப்போனாள். பெரிய காதுமூடி ஒன்றை மாட்டிவிட்டாள். முதல் வெடிக்குத் தோள் குலுங்கியது, ஆனால் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காதுமூடியை ஒரு பக்கம் விலக்கினேன். "டொப்" என்று ஒரு சின்னச் சத்தம். உடனே தூரத்தில் "டக்" என்று இன்னொன்று. ரவை போய் அட்டையில் படுகிற சத்தம். மறுபடி டொப், மறுபடி டக். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

துவக்கை வைத்துவிட்டு எழும்பி ஓடிவந்தாள். "இதுவும் ஏலாதோ அம்மா? போவமோ?"

"இல்லைப் பிள்ளை. விழுற சத்தம் கேக்குது."

அவளுக்கு விளங்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது, அதனால் அங்கேயே சொன்னேன். ஊரில் ஷெல் அடிக்கும்போது முதலில் தூரத்தில் அது கிளம்புகிற சத்தம் கேட்கும், குத்துகிற சத்தம் என்போம். கேட்டவுடன் விழுந்து படுத்துவிடுவோம். எங்கே விழப்போகிறது என்று தெரியாது. விழுந்து வெடித்த பிறகுதான் மூச்சு வரும், இந்தமுறை நாங்கள் இல்லை என்று. சுவரோரம் குந்தியிருந்த அன்றைக்கு, முந்நூறு மீட்டரில் குத்துகிற சத்தம் மட்டும்தான் கேட்டது, ஒன்றுமே விழவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று எதுவும் விழாமல் நான் மூச்சை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். சத்தம் பெரிதா சிறிதா என்பது ஒரு விஷயமே இல்லை.

மகள் என் பக்கத்தில் இருந்தாள்.

"அங்கையும் விழுறதுதான் அம்மா. மண்மேட்டுக்குள்ளை. தூரமெண்டபடியால் கேக்கிறேல்லை."

"எனக்குத் தெரியும். என்ரை முதுகுக்குத் தெரியேல்லை."

அடுத்த குடும்ப நாளில் ரோல்ஸ் தட்டை நானே கொண்டுபோனேன். முந்நூறு மீட்டர், பழைய குழல், பெரிய சத்தம். வேண்டாம் என்று அவளும் என் கணவரும் மாறிமாறிச் சொல்லியும் கேட்கவில்லை. பின்னால் இருந்த வாங்கில், காதுமூடியோடு, வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் ரவை எங்கே பட்டதென்று காட்டுகிற சின்னத் திரை. முதல் வெடி என் முதுகில் இறங்கியது. நான் குனியத் தொடங்கினேன். அப்போது அவள் தலையைத் திருப்பாமல், ஒரு கையை எடுத்துத் தரையில் ஒருமுறை தட்டினாள். திரையில் புள்ளி விழுந்திருந்தது.

விழுந்துவிட்டது என்று எனக்குச் சொல்கிறாள். நான் மூச்சை விட்டேன்.

ஒவ்வொரு வெடிக்கும் தட்டினாள். இப்படிக் கையைக் கிளப்பினால் படுத்திருக்கிற நிலை குலையும், குறி தப்பும் என்று எனக்கே தெரியும். முதலில் நல்ல புள்ளிகள் வரவில்லை. பிறகு ஒன்று நடுவுக்குக் கிட்ட விழுந்தது. அடுத்தது இன்னும் கிட்ட. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் தொடையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்தாள்.

"அம்மா, கோவிக்காதைங்கோ. பாதியிலை தட்ட மறந்துபோனன். பயந்திட்டியளோ?"

"எப்ப?" என்று கேட்டேன்.