மேட்டுப் பள்ளியில் வெள்ளம்

மாணவரின் கல்வி வளர்ச்சியை அளக்கும் படிவத்தை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, இறுதியில் ஒரு தேர்வு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வளர்ச்சி. வளர்ச்சி காட்டாத வகுப்பின் ஆசிரியர் காரணம் பதிய வேண்டும். புத்ராஜெயாவில், கல்வி அமைச்சின் குளிரூட்டிய அறையில் இது குறையற்றதாகவே தோன்றியது.

கிள்ளானில் மேட்டின்மேல் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி, இதைத் தன் வசதிப்படி புரிந்துகொண்டது. முதல் தேர்வைத் தைப்பூச விடுமுறைக்கு மறுநாள் காலையில் வைத்தார்கள். இரண்டு நாள் பத்துமலையில் பால்குடங்களின் பின்னால் நடந்த பிள்ளைகள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, மேசையில் கன்னம் பதித்துத் தேர்வு எழுதினார்கள். பெயர் எழுதும் இடத்தில் ஒருவன் ‘வேல் வேல்’ என்று எழுதிவைத்தான். ஆண்டிறுதியில் அவர்கள் விழித்திருந்தாலே போதும், வளர்ச்சி வந்துவிடும்.

அங்கே நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை என் மனைவி. அவள் மட்டும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் தூங்கவிட்டு, மைலோ கலந்து கொடுத்து, பிறகே தாளை நீட்டினாள். பெரும்பாலோர் தொண்ணூறுக்கு மேல்.

“உங்க ஃபார்முக்காக என் பிள்ளைங்க இன்னும் எங்கங்க வளர்றது? இப்பவே தலை கூரையில இடிக்குது,” என்றாள் அன்று மாலை.

அளவையியல் நோக்கில் நான் ஒரு விளக்கம் அளித்தேன். அவள் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் அவள் இறந்தாள். வகுப்புக்கு ஓர் ஒப்பந்த ஆசிரியை வந்தார். ஆண்டிறுதியிலும் பிள்ளைகள் அதே தொண்ணூறை வாங்கினார்கள். எனவே வளர்ச்சி பூஜ்யம். ஏற்கத்தக்க காரணம் பதியாவிட்டால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தலைமையாசிரியை என்னை அழைத்தார்.

கணினித் திரையில் காரணங்களின் பட்டியல் இருந்தது.

“சார், இதுல ‘ஆசிரியர் மாற்றம்’னு ஒன்னு இல்லையே,” என்றார் ஒப்பந்த ஆசிரியை.

முதலில் இருந்தது. ஆசிரியர் மாறுவதால் கற்றல் மாறலாகாது என்று வாதிட்டு அதை நீக்கியவன் நான். அதை அவரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

“‘மத்தவை’னு கூட இல்லையா சார்?”

“அதையும் நான்தான் எடுத்தேன்.”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற என்னதான் சார் மிச்சம் வச்சிருக்கீங்க?”

மூன்று எஞ்சியிருந்தன: வருகைக் குறைவு, கற்பித்தல் கருவிகள் இன்மை, வெள்ளம். வருகை நிறைவாக இருந்தது. கருவிகள் இல்லையென்றால் தலைமையாசிரியை பதில் சொல்ல வேண்டும்.

“அப்போ வெள்ளத்தையே அமுக்குங்க டீச்சர். யாரு வந்து பார்க்கப் போறா லா,” என்றார் தலைமையாசிரியை.

“நம்ம ஸ்கூல் மேட்டுல இருக்கே டீச்சர்.”

“கிள்ளான்ல வெள்ளம்னா எவன் நம்பமாட்டான்?”

முப்பது ஆண்டுகள் தரவின் தூய்மைக்காக வாதாடியவன் நான். அந்த இளம்பெண்ணோ, என் மனைவி விட்டுச்சென்ற பிள்ளைகளை ஒரு மதிப்பெண்கூடச் சரியவிடாமல் காத்திருந்தார். ‘வெள்ளம்’ என்பதை நானே அழுத்தினேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு லோரி மூச்சிரைத்தபடி மேடேறி வந்தது. பாய்கள், போர்வைகள், பிஸ்கட்டுப் பெட்டிகள், அவற்றின்மேல் ஒரு ரப்பர் படகு. ஓட்டுநர் இறங்கி, புழுதி பறக்கும் திடலைச் சுற்றிப் பார்த்தார்.

“தண்ணி எங்கக்கா?”

“வடிஞ்சிருச்சுண்ணே,” என்றார் தலைமையாசிரியை, இமைக்காமல். படகை மட்டும் திருப்பி அனுப்பினார்.

எஞ்சியதைப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் பகிர்ந்தார்கள். காரணத்தை அழுத்தியவர் என்ற முறையில் நானும் போர்வை பெற்றே ஆகவேண்டும் என்றார் தலைமையாசிரியை. தலைக்கு ஒன்று. பெறுவோர் படிவத்தில் ‘வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை’ என்றொரு கட்டம். இரண்டு என்று எழுதினேன். பிறகு அதை அடித்து, ஒன்று என எழுதி, அடித்த இடத்தில் விதிப்படி சுருக்கொப்பமிட்டேன்.