பூட்டிய வீட்டின் பொருள்

காரிமங்கலத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். குறியீட்டைப் புரியவைக்க, இளையோர் நாவல் ஒன்றை வகுப்பில் வாசித்தோம். அதில் கதாநாயகி தினமும் ஒரு பூட்டிய வீட்டைக் கடந்து பள்ளிக்குப் போவாள். ‘பூட்டு: தனிமையின் குறியீடு’ என்று கரும்பலகையில் எழுதினேன். ரோஸி மட்டும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

“ஏம்மா எழுதல?”

“அது தனிமை இல்லீங்க டீச்சர். திரும்பி வருவாங்கன்னு அர்த்தம்.”

சிலர் சிரித்தார்கள். “கதையில அப்படி எங்க இருக்கு?” என்றேன், எரிச்சலோடுதான்.

கழுத்தில் அடையாள அட்டையோடு தொங்கிய சாவியை அவள் எடுத்துக் காட்டினாள்.

“அம்மாவும் அப்பாவும் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருக்காங்க. நான் சித்தி வூட்ல இருக்கறேன். எங்க வூடு பூட்டித்தான் கெடக்குது. வராதவங்க எதுக்குங்க டீச்சர் பூட்டிட்டுப் போவாங்க?”

பலகையில் இருந்ததை அழித்தேன்.

மாலையில் பஸ் ஜன்னல் வழியே பூட்டிய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. இத்தனை வருடமும் அவற்றைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான், ஒவ்வொரு கதவிடமும் யாரோ “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பது தெரிந்தது.