அடிவானத்தை எட்டிப் பார்க்கும் அன்ரனா

விடிந்ததும் அமிர்தநாயகம் முகம் கழுவ மாட்டார், முற்றத்து ரீவி அன்ரனாவைத்தான் கழுவுவார். பழஞ்சாரத் துண்டால் பனியையும் உப்பையும் துடைத்து, நட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி.

தாழ்வுபாடு கிராமத்தில் பாதி வீடுகளுக்கு அன்ரனா பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஊரார் அன்ரனாவெல்லாம் அண்ணாந்து வானத்தைப் பார்க்கும். அவருடைய அகலமான பழைய தட்டு மட்டும் கிழக்கே அடிவானத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். “பக்கத்து வளவுக்க என்ன பாக்குது?” என்று சனம் பகிடி பண்ணும். மனுசன் கோபிக்க மாட்டார். பசிபிக் தீவொன்றின் ரீவியைத் தரும் சற்றலைட் அங்கேதான் தாழ நிற்கிறது. மகன் மில்ரனுக்கு அந்தத் தீவில் மீன்பிடிக் கப்பலில் வேலை. கப்பல் கரைக்கு வந்தால்தான் ஃபோன் வரும். மற்ற நாளெல்லாம் தாய் மாக்கிறட்டுக்கு அந்த ஊர் வானிலைச் செய்திதான் ஆறுதல். பாஷை விளங்காது, முகில் படம் விளங்கும். “இண்டைக்கு என்ர பிள்ளைக்கு மழை” என்பாள்.

படம் அடிக்கடி சதுரம் சதுரமாக உடையும். அதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. “தலைக்கு மேல நிக்கிற சற்றலைட்டெண்டா சிக்னல் நேர விழும். அடியில நிக்கிறது காத்துக்குள்ள கன தூரம் நீந்தி வரவேணும். ஈரம் குடிச்சிடும், சூடு உலுப்பிவிடும், காத்து வளைச்சும் விடும்.” அதனால் கணக்கில் வருவதைவிட ஒரு நூல் உயர்த்தியே பூட்டுவார். கேட்டுக் கேட்டு மாக்கிறட்டுக்கும் அது பாடம்.

போன கிழமை கப்பல் ஏஜென்ற் அவருக்கு ஃபோன் எடுத்தான். புயலில் கப்பல் கடலுக்குள் தாண்டுபோய்விட்டது, ஒருவரும் தப்பவில்லை. மாக்கிறட் பூசைக்குப் போயிருந்த நேரம் அவர் தனியே ரீவியைப் போட்டார். இறந்தவர்களின் படங்களைக் காட்டினார்கள். அதில் மில்ரன் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கென்று படம் ஒரு இடத்திலும் உடையவில்லை. எந்த வாயால் அவளிடம் சொல்வது? பெற்ற வயிறு பற்றி எரியுமே. பாவி மனுசன், வெளியே போய் அன்ரனாவை நாலு விரல் மேலே தள்ளிவிட்டார். அதோடு அந்தத் தீவின் படம் நின்றுபோனது.

இன்று காலை மாக்கிறட் முற்றத்துக்கு வந்தாள். காற்றில்லை, மப்பில்லை, கடலும் ஆடாமல் கிடந்தது.

“இஞ்சருங்கோ, வானம் துப்பரவாக் கிடக்கு. இன்னும் ஏன் வருதில்லை?”

“அங்கால, தூரத்தில ஈரமாக்கும்.” அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்ப இன்னொருக்காச் சரிபண்ணிப் பாப்பம். நான் பிடிக்கிறன். நீங்கள் பூட்டுங்கோ.”

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அன்ரனாவின் விளிம்பை இரு கையாலும் ஆடாமல் பிடித்தாள். அமிர்தநாயகம் ஸ்பனரை எடுத்து, அது உயர்ந்து நின்ற இடத்திலேயே நட்டை இறுக்கினார்.