சாம்பல் நிறம் பூசிய சரக்குக் கப்பல்

முன்தளத்தில் பீரங்கி வைப்பதற்காக எங்கள் கப்பலின் பாரந்தூக்கியை வெட்டி இறக்கிய காலையில், திருகோணமலைத் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ குளிர்நாட்டில் மரம் ஏற்றுவதற்கென்று கட்டி, பல கை மாறி எங்களிடம் வந்த கிழட்டுக் கப்பல் அது. மாவும் சீனியும் சீமெந்தும் சுமந்தே அதன் பாதி ஆயுள் போயிற்று. சண்டைக் காலத்தில் கடற்படையின் தொண்டர் பிரிவுக்கென்று அதை எடுத்தார்கள். மாமூட்டை அடுக்கிய அறைக்குள் இரும்புக் கட்டில்கள் வந்தன. வெள்ளை உடம்பில் சாம்பல் நிறம் ஏறியது. கப்பலோடு சேர்த்து, வேலை தெரிந்த ஆட்களையும் சீருடை போட்டு எடுப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. எனக்கு அப்போதுதான் கலியாணமாகியிருந்தது. அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

எஞ்சின் அறையில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். தலைமைப் பொறியியலாளரை எல்லோரும் சீஃப் என்போம். அவருக்கு ஊர் ஆரையம்பதி. எனக்குப் பக்கத்து ஊர் குருக்கள்மடம், வேலையில் அவருக்குக் கீழே இரண்டாவது ஆள். அவருக்குப் படிப்பு இருந்தது, எனக்குக் காது இருந்தது. நீண்ட ஸ்குருட்றைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த எஞ்சினின் குணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாலாவது சிலிண்டரின் காற்று வால்வை மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டாவிட்டால் கிளம்பாது. வாடைக் காற்றில் ஒரு மாதிரி முக்கும், கச்சான் காற்றில் இன்னொரு மாதிரி.

"மனே, உனக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுது. உன்ர பேரோட சேர்த்து நான் மேலிடத்துக்குக் குடுக்கிறன்" என்று பெற்ற மகனிடம் சொல்வதுபோல் சொன்னார் சீஃப்.

இரண்டு கிழமை குந்தியிருந்து எழுதினேன், படமும் கீறினேன். வேலையின் சூட்சுமத்தை எழுதிக் கொடுப்பது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுவது என்று எனக்கு உறைக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்த மனிதர் கேட்டால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சீருடைக்கு எடுத்தவர்களின் பட்டியல் வந்தது. அவர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. "உன்ர பேரை வெட்டிப்போட்டாங்கள் மனே" என்று என் தோளைப் பிடித்து அழுதார். நானும் அழுதேன். ஊருக்கு வந்து, வாவியில் ஓடும் படகு எஞ்சின்களைத் திருத்திப் பிழைத்தேன். சீருடைக்காரன் எவனைக் கண்டாலும் இவன்தான் வெட்டினவன் என்று வயிறு எரியும். கப்பல் பழைய இரும்பாகப் போனதாகக் கேள்விப்பட்ட அன்று மட்டும் சோறு இறங்கவில்லை.

போன மாதம் சீஃப் வீட்டுக்கு வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், கையில் பொல்லு. மனைவி வாவி நண்டு கறியாக்கிப் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"உன்ர பேரை அவங்கள் வெட்டல்ல மனே. நான் அனுப்பவே இல்ல. எஞ்சின் அறைக்குள்ள ரெண்டு தமிழன் எண்டா ரெண்டு பேரையும் இறக்கிப்போடுவாங்கள் எண்டு பயந்தன். கொப்பிய மட்டும் குடுத்தன்."

"ஆர்ர பேரில குடுத்தீங்க?"

அவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பயந்தேன் என்று அன்றே சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அந்தக் காலத்தில் பயப்படாதவன் யார்? தோளைப் பிடித்து அழுதாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை ஓட்டோவில் ஏற்றிவிடக்கூட நான் எழும்பவில்லை.

அவர் போன பிறகு என் மகனின் நினைவு வந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு துறைமுகத்தில் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்திருந்தான். நம்முடைய பெயரை எப்படியும் வெட்டுவார்கள், பிள்ளை ஏன் ஏமாற வேண்டும் என்று நான் அதைப் போடவில்லை. இன்று கட்டாரில் வெயிலில் நின்று கம்பி கட்டுகிறான். பதில்கூடப் போடாத பாவிகள் என்று இன்னமும் துறைமுகக்காரர்களைத்தான் ஏசுகிறான்.